கட்டுரை கேட்டவர்கள் கணக்குக் காட்டட்டும்!

வேலை கேட்டு மனுப் போடுகிறவர் என்ன எழுதுவார்? பெயர் எழுதுவார், படித்த படிப்பை எழுதுவார், பார்த்த வேலையை எழுதுவார். ஆலை வாயிலிலே நிற்பவரும் இதைத்தான் எழுதுகிறார். அலுவலக வாயிலிலே நிற்பவரும் இதைத்தான் எழுதுகிறார். ஆனால், அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றிலே, பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டவர்களிடம், "இவை மட்டும் போதா, இன்னும் ஒரு கட்டுரை எழுதிக் கொடு" என்று கேட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கம் வளர்ந்து வந்தது. 2021-ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டுப் பல்கலைக் கழக வேலை விளம்பரங்களிலே ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்தக் கட்டுரையைக் கேட்டது என்று கணக்கிட்டது.

என்ன கட்டுரை அது? 'டைவர்சிட்டி' என்கிறார்கள் அவர்கள். பன்முகத்தன்மை என்கிறோம் நாம். வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய வழியினர், ஆசியர், பூர்வகுடியினர், ஆண், பெண், மாற்றுத்திறனாளிகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆகிய எல்லோரும் வந்து கற்கும் இடமாகக் கல்லூரி இருக்க வேண்டும்; அதற்காக நீ இதுவரை செய்தது என்ன, இனிச் செய்யப் போவது என்ன, ஒன்றிரண்டு பக்கங்களிலே எழுது! இதுதான் கேள்வி.

நல்ல கேள்விதானே என்பீர்கள். நல்ல கேள்விதான். யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்பதிலேதான் வழக்கே இருக்கிறது.

இன்று அந்தக் கட்டுரையைப் பெரிய பல்கலைக் கழகங்களே ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. 2024 மே மாதத்திலே எம்.ஐ.டி. கைவிட்டது. ஜூன் மாதத்திலே ஹார்வர்டின் கலை அறிவியல் பிரிவு கைவிட்டது. டிசம்பரிலே மிச்சிகன் பல்கலைக் கழகம் கைவிட்டது. இந்தப் பழக்கத்தை முன்னின்று வளர்த்த கலிபோர்னியாப் பல்கலைக் கழகமே 2025 மார்ச்சிலே கைவிட்டது. ஒரு சாரார் கைதட்டுகிறார்கள். மறு சாரார் கை பிசைகிறார்கள். நாம் எந்தப் பக்கமும் சாய்வதற்கு முன், தோழர்களே, நடந்த கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உரிமை என்பது எழுதிக் கேட்டுப் பெறும் சலுகையா, எண்ணிக் கொடுக்க வேண்டிய பங்கா என்ற கேள்வி, கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

எழுதியவர்கள் எழுதியது

மனுதாரர்கள் என்னதான் எழுதினார்கள்? பெரும்பாலும் நான்கு வகை.

முதல் வகை, கொள்கை முழக்கம். பன்முகத்தன்மையைப் போற்றுகிறேன், அது அறிவியலுக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது என்று எழுதுவது. எழுதியவர் ஒரு மாணவனுக்காவது கை கொடுத்தாரா என்பது அதிலே தெரியாது.

இரண்டாவது வகை, பிறப்பின் கதை. என் பெற்றோர் குடியேறிகள், என் வீட்டிலே கல்லூரிப் படியேறியவன் நானே முதல், என் நிறத்துக்காக நான் பட்ட அவமானம் இது என்று எழுதுவது. உண்மையாகப் பட்டவர்களும் எழுதினார்கள். படாதவர்களும் தம் வாழ்க்கையைக் கிளறிக் கிளறித் தேடினார்கள், எங்கேனும் ஒரு காயம் கிடைக்காதா என்று!

மூன்றாவது வகை, செய்த வேலையின் விவரம். சிறைச்சாலையிலே பாடம் நடத்தியது, பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குச் சென்று அறிவியல் சொல்லிக் கொடுத்தது, படிப்பை விட்டுவிடும் நிலையிலிருந்த மாணவரைப் பிடித்து நிறுத்தியது. இது மதிக்க வேண்டிய வகை. கறுப்பின ஆசிரியர்களும் பெண் ஆசிரியர்களும் இந்தப் பணியைத் தங்கள் தோளிலே அதிகமாகச் சுமந்து வந்தார்கள். ஆனால் பதவி உயர்வுக் கணக்கிலே அதற்கு மதிப்பெண் இல்லாமலிருந்தது. கட்டுரை கேட்டவர்கள் சொன்ன நியாயங்களிலே வலுவான நியாயம் இதுதான்: செய்த தொண்டை எண்ணுவதற்கு ஓர் ஏடு வேண்டாமா? வேண்டும். மறுக்கவில்லை.

நான்காவது வகை, வாக்குறுதி. வேலை கொடுங்கள், இன்னின்னது செய்வேன் என்பது. தேர்தல் மேடை கண்ட நமக்கு அதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை!

பெர்க்லியின் சல்லடை

எழுதி வாங்கியதை என்ன செய்தார்கள்? கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே நடந்ததைப் பாருங்கள். 2018–19-ஆம் கல்வியாண்டிலே உயிரறிவியல் துறைகளுக்கு ஆசிரியர்களைத் தேடினார்கள். 993 பேர் மனுப் போட்டார்கள். அடிப்படைத் தகுதி உடையவர்கள் 893 பேர். முதல் சுற்றிலே அவர்களின் ஆராய்ச்சி ஏட்டைப் புரட்டவில்லை. பன்முகத்தன்மைக் கட்டுரையை மட்டும் படித்தார்கள். அந்த ஒரு சல்லடையிலே 214 பேர் தங்கினர். 679 பேர் உதிர்ந்தனர். இது எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல. அந்தப் பல்கலைக் கழகமே தன் ஆண்டறிக்கையிலே வெளியிட்ட கணக்கு. வெளியிட்டார்களே, அதற்காகப் பாராட்டலாம். வெளியிட்டதனால்தான் இன்று நாம் பேச முடிகிறது.

மதிப்பெண் போட ஓர் அளவுகோலும் வைத்திருந்தார்கள். அறிவுக்கு ஐந்து, செய்த பணிக்கு ஐந்து, செய்யப் போகும் திட்டத்துக்கு ஐந்து. பன்முகத்தன்மை முக்கியம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியவருக்கு ஒன்றோ இரண்டோதான். எல்லா மாணவர்களையும் ஒன்றுபோலவே நடத்துவேன் என்று எழுதியவருக்கும் அதே குறைந்த மதிப்பெண்தான். சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவது சமநீதி ஆகாது என்ற பாடம் நமக்குத் தெரியும். அந்தப் பாடத்திலே உண்மை இருக்கிறது. ஆனால், அந்த உண்மையை மனுதாரர் சரியான சொற்றொடரிலே எழுதிக் காட்டினால் வாயில் திறக்கும், எழுதத் தவறினால் வாயில் மூடும் என்றால், அது நீதியின் சோதனையா, கட்டுரைப் போட்டியா?

ஆலையிலே இயந்திரத்துக்குக் காப்புவேலி இல்லை. ஆண்டுதோறும் எவருடைய விரலோ போகிறது. முதலாளி என்ன செய்ய வேண்டும்? வேலி போட வேண்டும். அதை விட்டு, புதிதாக வேலை கேட்டு வந்த தொழிலாளியைப் பார்த்து, "பாதுகாப்பைப் பற்றி உன் கருத்து என்ன? இரண்டு பக்கம் எழுது, நன்றாக எழுதினால் வேலை" என்றால், நீங்கள் என்ன கேட்பீர்கள்? கட்டுரை இருக்கட்டும் ஐயா, வேலி எங்கே என்றுதானே கேட்பீர்கள்! அதே கேள்வியைத்தான் நாம் அங்கேயும் கேட்கிறோம்.

பிளாக்வெல்லிடம் எவரும் கட்டுரை கேட்கவில்லை

அதே பெர்க்லியின் பழைய ஏடு ஒன்றைப் புரட்டுவோம். டேவிட் பிளாக்வெல் என்று ஒரு கணித மேதை. இல்லினாய்ஸ் மாநிலத்திலே, இரயில்வே தொழிலாளியின் வீட்டிலே, 1919-ஆம் ஆண்டிலே பிறந்தவர். கறுப்பர். 22 வயதிலே, 1941-இல், கணிதத்திலே டாக்டர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டன் நகரத்திலுள்ள உயராய்வு நிலையத்திலே ஓராண்டு இடம் கிடைத்தது. அந்த நிலையத்தார்க்கு வழக்கமாகத் தரும் கௌரவ உரிமையை இவருக்குத் தர, பக்கத்திலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் முகம் சுளித்தது. காரணம், நிறம்!

வேலைக்கு மனுப் போட வேண்டிய நேரம் வந்தது. வெள்ளையர் பல்கலைக் கழகங்களுக்கு எழுதிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். கறுப்பர் கல்லூரிகளுக்கு மட்டும், நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களை எழுதினார். இதற்கிடையே 1942-இல் பெர்க்லியிலே ஒரு வாய்ப்பு எழுந்தது. புள்ளியியல் மேதை ஜெர்சி நேமன் இவரை வேண்டும் என்றார். திறமையிலே குறை சொல்ல எவராலும் முடியவில்லை. ஆனால் வேலை கிடைக்கவில்லை. துறையினருக்குத் தலைவர் வீட்டிலே விருந்து நடப்பது வழக்கம். அந்த வீட்டுக்குள் கறுப்பர் ஒருவர் வருவதா என்று தலைவரின் மனைவி மறுத்தார் என்பது வரலாற்றிலே பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. அவர் கறுப்பர் கல்லூரிகளிலே பாடம் நடத்தினார்; ஹோவர்டு பல்கலைக் கழகத்திலே பேராசிரியராக இருந்தார். 1954-இல் பெர்க்லி அழைத்தது. அங்கே நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் கறுப்பர் அவரே. 1965-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பரும் அவரே. 2018-ஆம் ஆண்டிலே பெர்க்லி வளாகத்திலே ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 893 பேரின் கட்டுரைகளைச் சல்லடையிலே போட்ட அந்தக் கல்வியாண்டிலேதான் அந்த விடுதி திறக்கப்பட்டது!

1942-இலே கட்டுரை எழுத வேண்டியவர் யார்? பிளாக்வெல்லா? அவரை உள்ளே விடாத துறையா? கறுப்பரை ஏன் சேர்க்கவில்லை, இதுவரை எத்தனை பேரைச் சேர்த்தாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று துறையைக் கேட்டிருக்க வேண்டும். கேட்பார் இல்லை. 76 ஆண்டுகள் கழித்துக் கேள்வி பிறந்தபோது, அது துறையைப் பார்த்துத் திரும்பவில்லை; வாயிலிலே நின்ற மனுதாரரைப் பார்த்துத் திரும்பிற்று.

சொல் வந்த வழி

ஏன் இப்படித் திரும்பிற்று? இங்கேதான் சட்டத்தின் விளையாட்டு இருக்கிறது. கவனியுங்கள்.

1965-ஆம் ஆண்டிலே ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது 11246 என்ற ஆணை பிறந்தது. அரசாங்கத்தின் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள், பல்கலைக் கழகங்கள் உட்பட, வேற்றுமை பாராட்டக் கூடாது. ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்ப்பதற்கு முனைந்து நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. கடமை யார் மீது? நிறுவனத்தின் மீது.

அதே கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களிலே 16 இடங்களைச் சிறுபான்மையோர்க்கு ஒதுக்கியது. ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை உடைத்தது. நீதிபதி பவல் என்ன சொன்னார்? சமுதாயம் இழைத்த அநீதிக்குப் பரிகாரம் என்ற காரணத்தை ஏற்க மறுத்தார். பலதரப்பட்ட மாணவர்கள் ஒன்றாகப் படிப்பது கல்விக்கு நல்லது என்ற காரணத்தை மட்டும் ஏற்றார். நாட்டின் முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல், அடிமைக் காலத்திலிருந்து வரலாற்றை அடுக்கி எழுதி, இந்தப் பரிகாரத்தை மறுப்பது தவறு என்று வாதிட்டார். பெரும்பான்மை வேறு பக்கம் போயிற்று.

அன்று பிறந்த செல்வாக்குதான் 'டைவர்சிட்டி' என்ற சொல்லுக்கு. பரிகாரம் என்ற சொல் வெளியே போயிற்று. பன்முகத்தன்மை என்ற சொல் உள்ளே வந்தது. பரிகாரம் என்றால் தவறு செய்தவன் யார் என்ற கேள்வி எழும். பன்முகத்தன்மை என்றால் எழாது. அது பூந்தோட்டத்துப் பேச்சு. பல நிறப் பூக்கள் இருந்தால் அழகு என்ற பேச்சு!

சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவை 1951 ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிளர்ச்சி எழுந்தது, அதே ஆண்டு ஜூனிலே அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே சொல்லைத் திருத்திக் கொண்டார்கள்.

பிறகு 1996-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 209-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அரசாங்க வேலையிலும் கல்வியிலும் இனத்தையோ பாலையோ பார்த்து முன்னுரிமை தரக் கூடாது என்றது அது. கறுப்பர் என்பதற்காக ஒரு மதிப்பெண் கொடுக்க முடியாது. ஆகவே பல்கலைக் கழகம் சுற்றுவழி தேடிற்று: ஆளின் இனத்தைக் கேட்க மாட்டோம், இன நீதிக்காக அவர் ஆற்றிய பணியைக் கேட்போம்! பங்கு கொடுக்க வழியில்லாதவர்கள் கட்டுரை கேட்டார்கள். நேர்வழியை அடைத்தால் நீர் சந்து பொந்து வழியாகத்தான் ஓடும். சந்து பொந்தைப் பழிப்பவர்கள் நேர்வழியை அடைத்தவர்களையும் பழிக்க வேண்டாமா?

மறை என்கிறது ஒரு கதவு. எழுது என்கிறது மறு கதவு

வெளியுலகிலே மனுதாரரின் நிலை என்ன? 2004-இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 மனுக்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் தாங்கிய மனுக்களுக்குப் பத்துக்கு ஒன்று என்ற அளவிலே அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர் தாங்கியவற்றுக்குப் பதினைந்துக்கு ஒன்று.

2016-இல் இன்னோர் ஆய்வு. கறுப்பின மனுதாரர் தம் மனுவிலிருந்து இன அடையாளத்தைத் துடைத்து அனுப்பினால் 100-க்கு 25 அழைப்பு. துடைக்காமல் அனுப்பினால் 10. ஆசியருக்குத் துடைத்தால் 21; துடைக்காவிட்டால் பதினொன்றரை. "நாங்கள் பன்முகத்தன்மையை வரவேற்கிறோம்" என்று விளம்பரத்திலேயே எழுதிய நிறுவனங்களும் இதிலே எந்த வகையிலும் மேம்பட்டவையாக இல்லை! அந்த வாசகத்தை நம்பித் தம் அடையாளத்தை மறைக்காமல் எழுதியவர்கள் ஏமாந்தார்கள்.

பாருங்கள் கொடுமையை! கம்பெனி வாயிலிலே, நீ யார் என்பதை மறைத்தால் பிழைப்பாய். கல்லூரி வாயிலிலே, நீ யார் என்பதைக் கதையாக எழுதினால் பிழைப்பாய். இரண்டு இடத்திலும் வேலை கேட்பவரே வேடம் கட்ட வேண்டும். வேலை கொடுப்பவர் நாற்காலியை விட்டு அசைவதே இல்லை.

எழுத்தாற்றல் எவருக்கு?

கட்டுரை என்றால் எழுதத் தெரிந்தவருக்குத்தான் இலாபம். பெரிய பல்கலைக் கழகங்களிலே, இந்தக் கட்டுரையை எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதற்கே வேலைவாய்ப்பு அலுவலகங்களும் பயிற்சி வகுப்புகளும் இருந்தன. எந்தச் சொல்லை ஆளலாம், எந்தச் சொல்லைத் தவிர்க்கலாம் என்று கையேடுகள் இருந்தன. பணக்காரப் பல்கலைக் கழகத்து மாணவன் அதைப் படித்தான். சிற்றூர்க் கல்லூரியிலே இரண்டு வேலை பார்த்துக் கொண்டே படித்தவளுக்கு அது எட்டுமா? ஏழையின் பெயரால் வைத்த பரீட்சையிலே ஏழையே தோற்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணிப் பார்க்க வேண்டிய புள்ளிவிவரம் இருக்கிறது. 2022-இல் 'நேச்சர்' இதழிலே வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவிலேயே டாக்டர் பட்டம் பெற்று அங்கே ஆசிரியரானவர்களிலே 100-க்கு 80 பேர், ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக் கழகங்களிலிருந்து மட்டும் வந்தவர்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கு மேல், ஐந்தே ஐந்து பல்கலைக் கழகங்களின் பட்டதாரிகள்: பெர்க்லி, ஹார்வர்டு, மிச்சிகன், ஸ்டான்போர்டு, விஸ்கான்சின். அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, பேராசிரியர்களின் குடும்பத்தைப் பார்த்தது. தாயோ தந்தையோ டாக்டர் பட்டம் பெற்றிருப்பது, பொதுமக்களைவிட இவர்களிடையே 25 மடங்கு வரை அதிகம்! அர்ச்சகர் மகன் அர்ச்சகர் ஆவதுபோல, அங்கே பேராசிரியர் பிள்ளை பேராசிரியர்.

கறுப்பர் நிலை என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி முழுநேரக் கல்லூரி ஆசிரியர்களிலே கறுப்பர் 100-க்கு ஏறத்தாழ 7 பேர். மக்கள்தொகையிலோ 13-க்கு மேல். ஸ்பானிய வழியினர் ஆசிரியர்களிலே 6, மக்கள்தொகையிலே 19. பத்தாண்டுகளுக்கு மேல் கட்டுரை எழுதி வாங்கிய பிறகும் கணக்கு இதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் கதையும் இதிலே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்விச்சாலையின் வாயிலைத் தன் வீட்டு வாயிலாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளையும், அந்த வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும், அந்நாட்டுப் படிவத்திலே ஒரே கட்டத்துக்குள் நிற்கிறார்கள்: ஆசியர். ஊரிலே உச்சாணிக் கொம்பிலே இருந்தவரும் அங்கே சென்று, நான் நிறத்தால் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையன் என்று கட்டுரை எழுதலாம். அங்கே நிறத்தால் அவருக்கு இடர் நேர்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாதிக் கதையை மட்டும் எழுத அந்தக் கட்டுரை இடம் கொடுக்கிறது. மீதிக் கதையைச் சொல்ல வேறு வழி தேட வேண்டியிருந்தது. தலித் மக்களின் முயற்சியாலே, 2019-இல் பிரண்டைஸ் பல்கலைக் கழகமும், 2022 ஜனவரியிலே கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகமும், சாதியின் பெயரால் வேற்றுமை காட்டக் கூடாது என்று தங்கள் விதியிலேயே எழுதின. கட்டுரை செய்யாததை விதி செய்தது.

பிரமாணம் என்றார் ஒருவர்

எதிர்த்தவர்கள் சொன்னதையும் கேட்போம். டேவிஸ் வளாகத்துக் கணிதத் துறைத் தலைவராக இருந்த அபிகெயில் தாம்சன், 2019 டிசம்பரிலே அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழிலே, இது 1950-ஆம் ஆண்டின் விசுவாசப் பிரமாணம் போன்றது என்று எழுதினார். அது என்ன பிரமாணம்? கம்யூனிஸ்டு அல்ல என்று கையெழுத்திடச் சொல்லி ஆசிரியர்களைக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் மிரட்டிய காலம் அது. மறுத்த 31 பேர் 1950-இல் வேலை இழந்தார்கள். எட்வர்ட் டோல்மன் என்ற உளவியல் அறிஞர் தலைமையிலே வழக்காடினார்கள். 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்த ஒப்புமையிலே ஒரு பாதி நியாயம். உள்ளத்திலுள்ள கருத்தை எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போட்டு, வயிற்றுப்பாட்டை அதிலே தொங்கவிடுவது தவறுதான். பசித்தவன் எதையும் எழுதுவான். எழுதி வாங்கிய பக்தி பக்தியும் அல்ல, எழுதி வாங்கிய சமத்துவம் சமத்துவமும் அல்ல.

மறு பாதி? கம்யூனிஸ்டு வேட்டை ஆளை வெளியே தள்ளுவதற்கு நடந்தது. இந்தக் கட்டுரை வெளியே நின்றவரை உள்ளே கொண்டுவர நினைத்தவர்கள் கண்ட வழி. தவறான வழி, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசிலே போடலாகாது. இன்னொன்று: பிளாக்வெல்லுக்கு 1942-இலே மூடப்பட்ட கதவுக்குப் பின்னாலே, எழுதப்படாத ஒரு பிரமாணம் இருந்ததே! வெள்ளையராகப் பிறந்திருக்க வேண்டும் என்ற பிரமாணம்! அதை எவர் எதிர்த்து எழுதினார்கள்?

கட்டுரை போயிற்று, கணக்கும் போயிற்று

இனி இன்றைய நிலை. 2023-இல் டெக்சாஸ் மாநிலம் இந்தக் கட்டுரைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டு ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையிலே இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஹார்வர்டு வழக்கிலே தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு சந்து மட்டும் விட்டார்: தன் இனம் தன் வாழ்வை எப்படித் தொட்டது என்று மாணவன் கட்டுரையிலே எழுதலாம், அதைத் தனி மனித அனுபவமாகக் கருதலாம். பங்காகக் கேட்டால் குற்றம். கதையாகச் சொன்னால் கேட்போம்! பதினேழு வயதுப் பிள்ளை தன் காயத்தை அழகாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜனவரி 21-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப் என்ன செய்தார்? 1965-ஆம் ஆண்டின் 11246-ஆம் ஆணையை ரத்து செய்தார். அறுபது ஆண்டு ஆணை ஒரு கையெழுத்திலே போயிற்று. இங்கேதான் நாம் விழிக்க வேண்டும். மனுதாரர் எழுதும் கட்டுரையைப் பழித்துப் பேசினார்கள்; நாமும் ஆமாம் என்றோம். ஆனால் அந்த ஆரவாரத்திலே அவர்கள் ஒழித்தது கட்டுரையை மட்டுமா? ஒதுக்கப்பட்டவரைச் சேர்க்க முனைந்து நடவடிக்கை எடு என்று நிறுவனத்தின் மீது வைத்திருந்த கடமையையும் சேர்த்து ஒழித்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்களே, அதுகூட அல்ல இது. வீட்டைக் கொளுத்த விரும்பியவர்களுக்கு மூட்டைப்பூச்சி ஒரு சாக்கு!

ஆகவே, தோழர்களே, நண்பர்களின் தவற்றையும் பார்க்க வேண்டும்; எதிரிகளின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். நண்பர்களின் தவறு, பல்கலைக் கழகம் சுமக்க வேண்டிய சுமையை வேலை கேட்டு வந்தவரின் தலையிலே ஏற்றியது. எதிரிகளின் நோக்கம், அந்தச் சுமையை எவரும் சுமக்க வேண்டாம் என்று தெருவிலே போட்டுவிட்டுப் போவது.

கேட்க வேண்டியது

கேட்க வேண்டியது என்ன? வேலை கேட்பவரிடம் கட்டுரை வேண்டாம். செய்த தொண்டு உண்டா, அதற்குச் சான்று கேள்; ஆராய்ச்சிக்கும் போதனைக்கும் பக்கத்திலே வைத்து, அதையும் எண்ணு. உள்ளத்தைத் தோண்டாதே.

கட்டுரை எழுத வேண்டியது துறை. எத்தனை பேர் மனுப் போட்டார்கள், அவர்கள் எந்தெந்தப் பிரிவினர்? எந்தச் சுற்றிலே எத்தனை பேரைக் கழித்தாய், என்ன காரணத்தால்? கடைசியிலே அழைத்தது எத்தனை பேரை, அவர்கள் எந்தப் பல்கலைக் கழகத்தார்? பத்து ஆண்டுகளிலே ஐந்து பல்கலைக் கழகங்களை விட்டு வெளியே ஒருவரையாவது எடுத்தாயா? தேர்வுக் குழுவிலே உட்கார்ந்தவர்கள் யார் யார்? ஆண்டுதோறும் இதை அச்சிட்டு வெளியிடு. வேலையிலே இருப்பவர்களின் கணக்கு அங்கே வெளிவருகிறது; கழிக்கப்பட்டவர்களின் கணக்கு பெரும்பாலும் தேர்வுக் குழுவின் அறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பெர்க்லி ஒரு முறை வெளியிட்டதற்கே நாடெங்கும் வாதம் எழுந்தது. எல்லாத் துறைகளும் வெளியிட்டால்? சுவர் எங்கே இருக்கிறது, எத்தனை அடி உயரம், யார் கட்டியது என்பது பாமரனுக்கும் விளங்கிவிடும். அதனால்தான் கணக்கைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

இது அமெரிக்கத் துறைகளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி என்று சொல்லிவிட்டு நாம் தூங்கிவிட முடியுமா? "சமூக நீதியிலே எனக்கு நம்பிக்கை உண்டு" என்று எழுதிக் கொடுக்க எந்த நிறுவனமும் தயங்காது. அதை வாங்கி வைத்துக் கொண்டு மகிழ்கிறவர்கள் ஏமாளிகள். எத்தனை இடம், எத்தனை பேர், எந்த ஆண்டு என்று கேட்கிறவர்கள்தான் எதையாவது பெற்றிருக்கிறார்கள். இரயில்வே தொழிலாளியின் மகனை 12 ஆண்டுகள் வெளியே நிறுத்திய அந்த வளாகம், இனி ஒரு பிளாக்வெல்லை வெளியே நிறுத்தினால் உலகம் அறிய வேண்டும். அதற்கு அவர் எழுத வேண்டியது ஒன்றுமில்லை. அவர்கள் காட்ட வேண்டியது கணக்கு!